தகடூர்ப் பாடல்களில் போருக்கு முந்தைய அச்சம்

தகடூர் என்பது இன்றைய தருமபுரியின் பழைய பெயர். சங்க காலத்தில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனைப் பற்றி ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. வீரத்தையும் கொடையையும் புகழும் பாடல்கள் என்றே இவை பெரும்பாலும் பள்ளிகளில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் இவற்றுள் சில, போர் தொடங்குவதற்கு முன் மனிதர்க்கு ஏற்படும் அச்சத்தையும் பதற்றத்தையும் கூர்ந்து கவனித்துப் பாடப்பட்டவை. எதிரியை அளந்து பார்க்கவும், ஆயத்தம் செய்யவும், வேண்டாத போரைத் தவிர்க்கவும் தூண்டும் உணர்வாக அச்சம் இப்பாடல்களில் இடம்பெறுகிறது. தேர்வு, மேடைப்பேச்சு, நேர்காணல், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு முன் படபடப்பு அடையும் இன்றைய மாணவர்க்கும் இப்பாடல்கள் பொருந்துவன.

தகடூரும் அதியமானும்

அதியமான் மரபினர் தமிழகத்தின் பழைமையான ஆட்சியாளர்களுள் அடங்குவர். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்ற மரபினரும் குறிக்கப்படுகின்றனர். இவர்கள் யார் என்பது பற்றி அறிஞரிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 1981ஆம் ஆண்டு திருக்கோவிலூர் அருகேயுள்ள ஜம்பையில் தமிழிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. அதில் சத்தியபுத்திரன் என்னும் பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் காணப்பட்டதால், சத்தியபுத்திரர் என்போர் அதியமான் மரபினரே என்ற கருத்து வலுப்பெற்றது. தருமபுரிக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர் இம்மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

அஞ்சியின் காலம் அமைதியான காலம் அன்று. அவன் கோவலூரைத் தாக்கி வென்ற செய்தி புறநானூற்றின் 99ஆம் பாடலில் உள்ளது. முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்றின் 209ஆம் பாடல் கூறுகிறது. வடக்கே தொண்டைமான், மேற்கே சேரர், கிழக்கே மலையமான் என்று சுற்றிலும் படை வலிமை உடையோர் இருந்தனர். இத்தகைய சூழலில் அடுத்த போர் எப்போது வரும் என்ற எண்ணம் அரசனுக்கும் குடிகளுக்கும் எப்போதும் இருந்திருக்கும். அந்தச் சூழலில் எழுந்த பாடல்களே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பகைவர்க்கு விடுத்த எச்சரிக்கை

புறநானூற்றின் 87, 88, 104 ஆகிய மூன்று பாடல்களும் அஞ்சியின் பகைவரை நோக்கி ஔவையார் கூறுவனவாக அமைந்தவை. மூன்றும் போர் தொடங்குவதற்கு முந்தைய நேரத்தில் நிற்கின்றன.

87ஆம் பாடல் பகைவரைப் போர்க்களம் புகவேண்டாம் என்று தடுக்கிறது. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய கைத்திறன் வாய்ந்த தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் உழைத்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அது எவ்வளவு உறுதியாக இருக்குமோ, அத்தகைய வீரன் தங்களிடம் இருப்பதாக ஔவையார் கூறுகிறார். கேட்பவன் அந்தக் கணக்கைத் தன் மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தவன் உடனே வாளை உருவ மாட்டான்.

88ஆம் பாடல் இன்னும் நேரடியானது. முன்னணிப் படையும் பின்னணிப் படையும் தம்மிடம் உள்ளன என்ற துணிவில், போரிடுவோம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அஞ்சியை நேரில் காணும் முன் அப்படிப் பேச வேண்டாம் என்பது இதன் கருத்து. எதிரியை அறியாத நிலையில் எழும் துணிச்சலை இப்பாடல் கண்டிக்கிறது.

104ஆம் பாடலில் முதலை உவமை வருகிறது. ஊர்ச் சிறுவர்கள் விளையாடினாலே கலங்கிப் போகும் அளவுக்குக் கணுக்கால் ஆழமே உள்ள நீரிலும் முதலை யானையை இழுத்து வீழ்த்திவிடும். அதுபோல அஞ்சியின் நுட்பமான செயல்களை எண்ணிப் பார்க்காமல், வயதில் இளையவன் என்று இகழ்ந்தால் வெற்றி கிடைக்காது என்கிறார் புலவர். நீர் ஆழமில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று நினைப்பதே இங்கு தவறாகிறது. பாடத்தை எளிது என்று ஒதுக்கிவிட்டுத் தேர்வு அறையில் திகைக்கும் மாணவனுக்கும் இவ்வுவமை பொருந்தும்.

மூன்று பாடல்களும் சொல்வது ஒன்றே. அச்சம் சிறிதும் இல்லாதவன் எதிரியைப் பற்றி எண்ணுவதில்லை, எண்ணாதவன் தோற்கிறான்.

அஞ்சியவர்கள் செய்த வேலைகள்

அச்சத்தின் பயனை மிகத் தெளிவாகக் காட்டுவது 98ஆம் பாடல். இதில் ஔவையார் அஞ்சியையே நோக்கிப் பேசுகிறார். அவனுடைய படையைக் கண்ட பகை நாட்டார் என்ன செய்கிறார்கள் என்பதை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார்.

பகைவரோடு மோதிக் கூர்மழுங்கிய கொம்புகளை உடைய யானைகள் செல்வதைக் கண்டவர்கள், தங்கள் கோட்டைக் கதவுகளுக்குப் புதிய கணைய மரங்களைப் பொருத்துகிறார்கள். களத்தில் பிணங்களை மிதித்துக் குருதிக் கறை படிந்த குளம்புகளை உடைய குதிரைகளைக் கண்டவர்கள், ஊருக்குள் நுழையும் வழிகளைக் கவைத்த முட்களால் அடைக்கிறார்கள். வேல்களைக் கண்டவர்கள் கேடயங்களின் கைப்பிடியை இறுகப் பொருத்துகிறார்கள். உடல் முழுவதும் வாள் தழும்பு கொண்ட வீரர்களைக் கண்டவர்கள், தங்கள் அம்புகளைத் தூணிக்குள் ஒடுக்கிக்கொள்கிறார்கள்.

இவர்கள் யாரும் அஞ்சாதவர்கள் அல்லர். ஆனால் முதல் மூன்று கூட்டத்தாரின் அச்சம் கைகளுக்கு வேலை கொடுத்தது. யானைக்குக் கதவு, குதிரைக்கு முள்வேலி, வேலுக்குக் கேடயம் என்று ஒவ்வொரு ஆபத்துக்கும் ஏற்ற காப்பு செய்யப்பட்டது. எதைக் கண்டு அஞ்சினார்களோ அதற்கே தீர்வு தேடினார்கள். பொதுவாக நடுங்கிக்கொண்டிருப்பதற்கும், அஞ்சும் பொருள் இன்னது என்று பிரித்தறிந்து அதற்கு ஆயத்தம் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்குகிறது. நான்காம் கூட்டத்தார் போரையே கைவிட்டனர். அளவு கடந்த வலிமையின் முன் பின்வாங்குவதும் அச்சம் காட்டும் வழிகளுள் ஒன்று என்பதைப் பாடல் மறைக்கவில்லை.

இப்பாடலின் முடிவு கவனிக்கத்தக்கது. நெற்கதிர் சாய்ந்தாடும் வயல்களும் நீர்வளமும் உடைய அந்தப் பகைவர் நாடு அழிந்துதான் போகுமோ என்று ஔவையார் இரங்குகிறார். தன் அரசனின் வலிமையைப் புகழும் அதே பாட்டில், அஞ்சி நிற்கும் மக்களின் பக்கமும் அவர் பார்வை செல்கிறது.

காற்றில் ஒலித்த தண்ணுமை

அஞ்சியின் நிலை எவ்வாறு இருந்தது என்பதை 89ஆம் பாடல் காட்டுகிறது. உங்கள் நாட்டில் போர் செய்வோர் உண்டா என்று வேற்றரசன் விறலி ஒருத்தியிடம் கேட்க, அவள் விடை கூறுவதாக அமைந்த பாடல் இது. கோலால் அடித்தாலும் அஞ்சாத பாம்பு போன்ற இளம் வீரர்கள் உண்டு என்று முதலில் சொல்கிறாள். பிறகு தன் தலைவனைப் பற்றிச் சொல்கிறாள். ஊர்ப் பொதுவில் இழுத்துக் கட்டித் தொங்கவிட்ட தண்ணுமையின் மேல் காற்று மோதி எழும் ஒலியைக் கேட்டாலும், அது போர் முழக்கம் என்று எழுந்து நிற்பவன் அவன் என்கிறாள்.

பாடல் கூறுவது போர் வேட்கையை, அச்சத்தை அன்று. ஆயினும் சிறு ஓசைக்கும் செவி கொடுக்கும் அந்த விழிப்பு, பெரிய நிகழ்ச்சி ஒன்றை எதிர்நோக்கும் எவர்க்கும் உண்டாகும் நிலையே ஆகும். தேர்வுக்கு முந்தைய இரவில் கடிகார ஓசை கூடப் பெரிதாகக் கேட்பது இதனாலேதான். அச்சம், சினம், ஆர்வம் ஆகிய மூன்றிலும் உடல் ஏறத்தாழ ஒரே வகையாக ஆயத்தமாகிறது என்பது பிற்கால உடலியலின் முடிவு.

இதனோடு 315ஆம் பாடலையும் சேர்த்துப் படிக்கலாம். வீட்டின் கூரையில் செருகி வைத்த தீக்கடைகோல் போல அஞ்சி தன் ஆற்றல் வெளியே தெரியாமலும் இருக்க வல்லவன். வேண்டிய நேரத்தில் அக்கோலிலிருந்து எழும் நெருப்புப் போலத் தோன்றவும் வல்லவன் என்பது அதன் கருத்து. காற்றின் ஓசைக்கே எழுந்து நிற்பவன், வேலை இல்லாதபோது கூரையில் செருகிய கோலாகவும் இருக்கத் தெரிந்தவன். விழிப்பும் அடக்கமும் சேர்ந்தபோதுதான் அந்த ஆற்றல் பயன்பட்டது.

தொண்டைமானின் படைக்கலக் கொட்டில்

அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்றும், அப்போது பாடியது 95ஆம் பாடல் என்றும் அப்பாடலின் அடிக்குறிப்பு கூறுகிறது. படைக்கலங்களைக் காட்டியதன் நோக்கம் தூதரை அஞ்சவைப்பது என்று கொள்வது இயல்பு.

ஔவையார் அந்தப் படைக்கலங்களைப் புகழ்வது போலவே பேசுகிறார். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவல் மிக்க அரண்மனையில் இருக்கின்றன என்கிறார். அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தியதால் நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்ச்சி போலத் தோன்றும் இப்பேச்சில், போர் காணாத படைக்கலம் எது, போர் கண்ட படைக்கலம் எது என்ற ஒப்பீடு அடங்கியுள்ளது. அச்சம் ஊட்ட விரும்பியவன் மனத்திலேயே அச்சம் விதைக்கப்படுகிறது. வாள் எடுக்காமல், குருதி சிந்தாமல் போரைத் தடுக்கும் முயற்சி இது. அச்சம் என்ற உணர்வு மனிதரிடம் இல்லாவிட்டால் தூது என்ற ஏற்பாட்டுக்கே இடம் இருந்திராது.

இலக்கணமும் குறளும்

தமிழ் மரபு அச்சத்தை மறைக்க வேண்டிய ஒன்றாகக் கருதவில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் கூறப்படுகின்றன. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதாகும். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவன் ஆகிய நான்கும் அச்சம் பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் வகுக்கிறார். வீரத்தைக் குறிக்கும் தறுகண் என்பது பெருமிதத்தின் கீழ் வருகிறது. அச்சமும் பெருமிதமும் அப்பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன.

திருக்குறளின் அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையோர் செயல் என்ற கருத்து 428ஆம் குறளில் உள்ளது. அதனை அடுத்துள்ள 429ஆம் குறள், வரப்போவதை முன்னரே அறிந்து காத்துக்கொள்வோர்க்கு நடுங்கும்படியான துன்பம் வருவதில்லை என்கிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்திருப்பது பொருளுடையது. அஞ்சுதல் முதற்படி, முன்கூட்டியே காத்துக்கொள்ளுதல் அடுத்த படி. 98ஆம் புறப்பாட்டில் கதவுக்குக் கணையம் பொருத்தியவர்கள் செய்ததும் இதுவே. அதே நூலில் அவையஞ்சாமைக்கும் தனி அதிகாரம் உண்டு. கற்றும் அவைக்கு அஞ்சிப் பேசாதிருப்பவரை வள்ளுவர் கடிந்துரைக்கிறார். எனவே அச்சம் முழுவதும் நன்று என்றோ முழுவதும் தீது என்றோ அவர் கூறவில்லை.

உடலியல், உளவியல் ஆய்வுகள்

மிகுந்த பதற்றத்தை வயிற்றில் புளியைக் கரைத்தது போல என்று தமிழ்நாட்டில் சொல்வது வழக்கம். இதற்கு உடலியல் அடிப்படை உண்டு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், அச்சம், சினம் முதலியவற்றின்போது அட்ரினல் சுரப்பி இரத்தத்தில் அட்ரினலினைக் கலப்பதை விளக்கினார். அப்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. செரிமானம் தடைபட்டு, இரத்தம் வயிற்றிலிருந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வயிறு கலங்குவதும் உள்ளங்கை வியர்ப்பதும் உடல் ஒரு பெரிய வேலைக்கு ஆயத்தமாவதன் அறிகுறிகளாகும்.

1908ஆம் ஆண்டு ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகிய இருவரும் எலிகளைக் கொண்டு ஆய்வு செய்தனர். எளிய வேலையை எலிகள் கற்பதற்கு வலுவான மின்னதிர்ச்சி உதவியது. கடினமான வேலைக்கோ நடுத்தர அளவே உதவியது. அதற்கு மேல் சென்றபோது கற்றல் குறைந்தது. பின்வந்தோர் இம்முடிவை மனிதரின் பதற்றத்துக்கும் விரித்துக் கூறினர்.

இர்விங் ஜானிஸ் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி எழுதினார். சிகிச்சைக்கு முன் ஓரளவு கவலைப்பட்டவர்கள், சற்றும் கவலைப்படாதவர்களை விடவும் மிகுதியாக அஞ்சியவர்களை விடவும், சிகிச்சைக்குப் பிந்தைய வலியையும் இன்னலையும் நன்கு தாங்கினர் என்றார். கவலைப்படுவதும் ஒரு வேலையே. வரப்போவதை மனத்தில் முன்கூட்டி நடத்திப் பார்க்கும் வேலை என்பது அவர் விளக்கம். பின்னர் நடந்த ஆய்வுகள் அனைத்தும் இம்முடிவை ஏற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010ஆம் ஆண்டு ஜெரமி ஜேமிசன் குழுவினரால் வெளியிடப்பட்டது. உயர்கல்விக்கான நுழைவுத் தேர்வு எழுத இருந்த மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், தேர்வுப் படபடப்பு மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை, உதவவும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அப்பிரிவினர் மாதிரித் தேர்விலும் பின்னர் எழுதிய உண்மைத் தேர்விலும் கணிதப் பகுதியில் மற்றவர்களை விட உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். 2014ஆம் ஆண்டு ஆலிசன் உட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், மேடையேறும் முன் அமைதியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்களை விட உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகச் செயல்பட்டனர். துடிக்கும் இதயத்தை அடக்க முயல்வதை விட, அத்துடிப்புக்கு வேறு பெயர் கொடுப்பது எளிதாக இருந்தது. காற்றின் ஓசையைப் போர் முரசாகக் கொண்டு எழுந்த அஞ்சியின் செயல் இங்கு நினைவுக்கு வருகிறது.

தகடூரின் வீழ்ச்சியும் அச்சத்தின் எல்லையும்

எச்சரிக்கைகளும் விழிப்பும் தகடூரை முடிவுவரை காக்கவில்லை. சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறை, கொல்லிக் கூற்றத்தில் நடந்த போரில் அதியமானையும் அவனுக்குத் துணைநின்ற இரு பெருவேந்தரையும் வென்று தகடூரை அழித்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறுகிறது. தகடூர் எறிந்த என்ற அடைமொழி அவனுக்கு நிலைத்தது. இப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்ற தனி நூலே இருந்தது. அதன் பாடல்கள் சில புறத்திரட்டிலும் உரைகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளன.

சேரனைப் பாடிய அரிசில் கிழாரே, தகடூரில் பொருது வீழ்ந்த எழினிக்கும் இரங்கற்பா பாடினார். அது புறநானூற்றின் 230ஆம் பாடல். எழினியின் ஆட்சியில் கன்றோடு கூடிய பசுக்கூட்டம் காட்டிலேயே தங்கியது. வழிநடைப் பயணிகள் விரும்பிய இடத்தில் தங்கினர். களத்து நெற்குவியல் காவல் இன்றிக் கிடந்தது என்று புலவர் நினைவுகூர்கிறார். விதை நெல்லைத் தின்றுவிட்ட உழவனைப் போல அறிவிழந்தாய் என்று கூற்றுவனைச் சாடுகிறார். ஆள்பவர் விழித்திருந்ததால் குடிகள் அச்சமின்றி உறங்கிய நாடு அது. அஞ்சி இறந்தபின் அவனுக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டியதை ஔவையார் 232ஆம் பாடலில் துயரத்தோடு குறிப்பிடுகிறார். தொண்டைமானின் படைக்கலங்களில் அவர் கண்ட பீலி, இப்போது அஞ்சியின் கல்லில் இருந்தது.

ஆகவே அச்சம் வெற்றிக்கு உறுதி அளிப்பதில்லை. ஆயத்தத்துக்கு வழிகாட்டுவது வரையே அதன் பணி. அந்த அளவைக் கடந்தால் அது தீங்காகவும் மாறும். தேர்வுக்கு முன் சில நாள் தோன்றி, எழுதத் தொடங்கியதும் தணியும் படபடப்பு இயல்பானது. உறக்கத்தையும் உணவையும் வாரக்கணக்கில் கெடுத்து, படித்ததை மறக்கச் செய்து, வாழ்வின் மேலேயே வெறுப்பை உண்டாக்கும் அச்சம் இயல்பானது அன்று. அதனைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இலும், தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

எஞ்சியவர்க்குப் புறநானூற்றின் 98ஆம் பாடல் நல்ல வழிகாட்டி. அச்சம் எழும்போது, எதற்கு அஞ்சுகிறோம் என்று தனித்தனியே எழுதிப் பார்க்கலாம். யானைக்கு அஞ்சினால் கதவையும், குதிரைக்கு அஞ்சினால் வழியையும், வேலுக்கு அஞ்சினால் கேடயத்தையும் சரிபார்க்க வேண்டும். கணிதத்துக்கு அஞ்சும் மாணவன் கணிதம் முழுவதற்கும் அஞ்சுவதில்லை. சில பாடங்களுக்கே அஞ்சுகிறான். அவை எவை என்று அறிந்ததும் அவன் செய்ய வேண்டிய வேலையும் தெரிந்துவிடுகிறது.